மூவார் முத்தாயியும் மருதப்பனின் மைக் செட்டும்

மருதப்பன் தன் கல்யாணத்தில் தாலி கட்டிய கையோடு செய்த முதல் காரியம், மணையை விட்டு எழுந்துபோய் மைக் செட்டுக்காரரிடம் சண்டை பிடித்ததுதான். மண்டபத்துத் தூணில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் காலையிலிருந்தே 'ம்ம்ம்' என்று இரைந்துகொண்டிருந்தது. ஐயர் மந்திரம் சொன்னாலும் அதே இரைச்சல், சொல்லாவிட்டாலும் அதே இரைச்சல். கெட்டிமேளத்தில் கொஞ்சம் அமுங்கியது, மேளம் நின்றதும் மறுபடி தலைதூக்கியது. மருதப்பனால் பொறுக்க முடியவில்லை. மாலையும் கழுத்துமாகப் போய், செட்டுக்காரரைத் திட்டிவிட்டு, கரண்ட் வயரின் மேல் கிடந்த மைக் வயரை எடுத்து அந்தப் பக்கமாக நகர்த்திப் போட்டான். இரைச்சல் பாதியாகக் குறைந்தது. மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டார் என்று நினைத்த மாமனார் வேட்டி தடுக்கத் தடுக்கப் பின்னாலேயே ஓடிவந்தார். மருதப்பன் திரும்பி வந்து மணையில் உட்கார்ந்து, ஒன்றும் நடக்காதவன்போல வேர்வையைத் துடைத்துக்கொண்டான்.

"என் மூஞ்சிய இவரு இன்னும் சரியாப் பாக்கல. அதுக்குள்ள அந்தப் பொட்டியப் பாக்கப் போயிட்டாரு" என்று அவன் மனைவி சிவகாமசுந்தரி வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லுவாள். அவளுக்கு அதில் கோபம் இருந்ததா, பெருமை இருந்ததா என்று யாராலும் கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

மருதப்பன் வெள்ளைக்காரக் கப்பற்படைத் தளமான செம்பவாங் நேவல் பேஸில் மின்சாரப் பட்டறையில் வயர்மேன். காலையில் பஸ் ஏறி அங்கே போய் நாள் முழுக்க ஈயம் உருக்கி வயர்களைப் பற்றவைப்பான். சாயங்காலம் கெர்பாவ் ரோட்டு மாடி வீட்டுக்குத் திரும்பி, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, மறுபடி ஈயத்தை உருக்க உட்கார்ந்துவிடுவான். சம்பளத்துக்குச் செய்வது போதாதா என்று சுந்தரி கேட்டால், அது கப்பலுக்கு, இது காதுக்கு என்பான்.

காதுக்காக அவன் வாங்கியது ஒரு ஆம்ப்ளிபயர். சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையில் சாக்கின் மேல் கிடந்தது. தகரப் பெட்டி, பச்சைப் பெயின்ட், உள்ளே கண்ணாடி பல்பு மாதிரி நாலு வால்வு. யார் செய்தது என்று போட்டிருந்த தகடு எப்போதோ உதிர்ந்துபோயிருந்தது. விற்ற சீனத் தாத்தா அதைத் தட்டித் தட்டி 'பாகுஸ், பாகுஸ்' என்று மலாயில் புகழ்ந்தார். அவர் தட்டியபோது உள்ளே ஏதோ உருண்டது. மருதப்பன் அதையும் சேர்த்துத்தான் வாங்கினான்.

வீட்டில் அதைப் போட்டதும் வால்வுகள் சிவந்தன. ஸ்பீக்கரிலிருந்து கல்யாண மண்டபத்து 'ம்ம்ம்' அப்படியே வந்தது. சுந்தரி அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்து, நம்ம கல்யாணப் பொட்டிதானா இது என்று கேட்டாள். மருதப்பனுக்கோ சந்தோஷம். நோயாளி கிடைத்த வைத்தியன் மாதிரி பெட்டியைத் திறந்தான்.

மெழுகு வழிந்துபோன காகிதக் கண்டென்சர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி எறிந்தான். மின்சாரத்தைச் சமனாக்கும் கண்டென்சர் சுண்டுவிரல் அளவில் இருந்த இடத்தில் பால் டின் அளவில் ஒன்றை வைத்தான். அதனால் பெட்டி மூட மறுத்தது. வால்வுகளைச் சூடாக்கும் வயர்களைச் சுந்தரியின் பின்னலைப் போல முறுக்கி மூலையோடு ஒதுக்கினான். சுவிட்சை அணைத்த பிறகும் அந்தப் பெரிய கண்டென்சர் கரண்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் ஒருநாள் தொட்டு, எதிர்ச் சுவர் வரைக்கும் போய் உட்கார்ந்தான். அன்றிலிருந்து பெட்டிக்குள் கை விடும்போது ஒரு கைதான் என்று சுந்தரி சட்டம் போட்டாள். இன்னொரு கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ள வேண்டுமாம். கைலியில் பாக்கெட் ஏது? அதனால் அவன் இடக்கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பட்டறையைப் பார்வையிட வந்த வெள்ளைக்கார அதிகாரியைப் போல நின்றபடியே வேலை செய்யப் பழகினான்.

இரைச்சல் போய்விட்டது. ஆனாலும் குரலில் ஒரு கரகரப்பு மிச்சமிருந்தது. பேஸில் ரேடியோப் பட்டறையில் வேலை பார்த்த ஒரு மலையாளி அதற்கு மருந்து சொன்னார். ஸ்பீக்கருக்குப் போகும் சத்தத்தில் ஒரு சிட்டிகை எடுத்து மறுபடி பெட்டிக்குள்ளேயே திருப்பி விட வேண்டும். பெட்டி தான் செய்த தப்பைத் தானே கேட்டுத் திருத்திக்கொள்ளும் என்றார். மருதப்பன் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அந்த வயரைப் பற்றவைத்துச் சுவிட்சைப் போட்டான்.

பெட்டி ஊளையிட்டது. அப்படி ஒரு ஊளையைக் கெர்பாவ் ரோடு ஜப்பான்காரன் காலத்துக்குப் பிறகு கேட்டதில்லை. கீழே மாவு மில்லில் மிளகாய் அரைக்க நின்றவர்கள் பாத்திரத்தைப் போட்டுவிட்டு மேசைக்கு அடியில் புகுந்தார்கள். மில்காரர் குண்டு விழுவதற்குள் மோட்டாரை நிறுத்த வேண்டும் என்று பாய்ந்து, மிளகாய்த் தூளில் முகம் குப்புற விழுந்தார். எதிர்வீட்டு நாய் பதில் ஊளை கொடுத்தது. மருதப்பன் சுவிட்சை அணைத்தபோது, மாடிப்படியில் ஏழெட்டுப் பேர் ஏறி வரும் சத்தம் கேட்டது. வந்தவர்களில் பாதிப் பேருக்குத் தும்மல். அவர்களுக்குச் சுந்தரிதான் காப்பி போட்டுக் கொடுத்துச் சமாதானம் சொல்லி அனுப்பினாள்.

எல்லோரும் போன பிறகு அவள் பெட்டியின் எதிரே வந்து நின்றாள். "அந்தக் கடைசியில ரெண்டு வயரு வெச்சிருக்கீங்களே, அத அங்க இங்க மாத்திப் போட்டா என்ன?"

இது அப்படி எல்லாம் செய்கிற காரியம் இல்லை, இதற்குக் கணக்கு இருக்கிறது என்று மருதப்பன் விளக்கினான். அவள் சரி என்று குளிக்கப் போனாள். குளியலறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் அவன் இரண்டு வயரையும் மாற்றிப் போட்டான். ஊளை போயிற்று. கரகரப்பும் போயிற்று. அவள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது, கணக்கை மறுபடி போட்டுப் பார்த்ததில் ஒரு சின்னப் பிழை தெரிந்ததாகச் சொன்னான். தெரிஞ்சா சரி என்றாள் அவள்.

அதன் பிறகு சோதனைகள் ஆரம்பமாயின. மைக்கை அடுப்பங்கரையில் வைத்துவிட்டு மருதப்பன் முன்னறையில் ஸ்பீக்கரின் முன்னால் கண்ணை மூடி உட்காருவான். சுந்தரி அஞ்சறைப் பெட்டியிலிருந்து எதையாவது எடுத்துத் தட்டில் கொட்ட வேண்டும். கடுகா வெந்தயமா என்று அவன் சொல்ல வேண்டும். முதல் வாரம் எல்லாமே அவனுக்கு உளுந்தாகக் கேட்டது. ஒரு கண்டென்சரை மாற்றினான், வெந்தயம் பிரிந்து வந்தது. இன்னொன்றை மாற்றினான், கடுகு துள்ளியது. ஒருநாள் சீரகத்தையும் சோம்பையும் பிரித்துச் சொன்னான். சுந்தரி அசந்துபோய், அன்றைக்கு ரசத்தில் எதைப் போடுவது என்பதையே மறந்துவிட்டாள்.

இந்தப் புகழ் டன்லப் ஸ்திரீட்டில் மைக் செட் வாடகைக் கடை வைத்திருந்த அப்துல் காதரின் காதுக்குப் போனது. காதர் பாய் நாகூர்ப் பக்கத்துக்காரர், பெருத்த உடம்பு, மெல்லிய குரல். மாடியேறி வந்து மூச்சு வாங்கி, ஸ்பீக்கரின் முன்னால் உட்கார்ந்து கேட்டார். பக்கத்து அறையில் சுந்தரி புடவை மடிப்பது ஸ்பீக்கரில் கேட்டது. பருத்திப் புடவை என்றும் கேட்டது. அடுத்த கல்யாணத்துக்கு இந்தப் பெட்டிதான், நீங்களே வந்து உட்காருங்கள் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டார்.

அடுத்த கல்யாணம் கோவிந்தசாமியின் மகளுக்கு. கோவிந்தசாமி சிராங்கூன் ரோட்டுத் துணிக்கடை ஒன்றில் மேலாளர். சொந்தக்காரர்களும் கடைக்காரர்களுமாக மண்டபம் நிறைந்திருந்தது. மருதப்பன் மைக்கை மணவறையின் ஓரத்தில், ஐயர் வாய்க்கு நேராக வைத்தான். மந்திரம் மணி மணியாக விழுந்தது. இதுவரைக்கும் ஐயர் மந்திரத்தில் எங்கெங்கே முழுங்குகிறார் என்பது ஐயருக்கு மட்டுமே தெரிந்த விஷயம். அன்றைக்கு ஊருக்கே தெரிந்தது. அவர் மைக்கை ஒரு தடவை பார்த்துவிட்டு, பயந்து, முழுசாகச் சொல்ல ஆரம்பித்தார். முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில் சமையல்காரர் வந்து கோவிந்தசாமியின் காதில் ஏதோ சொன்னார். கோவிந்தசாமி மணவறையோரமாகக் குனிந்து பதில் சொன்னார். கிசுகிசுப்பாகத்தான் சொன்னார்.

"அப்பளம் பத்தலன்னா மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்கு மட்டும் போடு. நம்ம ஆளுங்களுக்குப் பழக்கந்தான்."

தூணில் கட்டியிருந்த இரண்டு ஸ்பீக்கரும் அதைச் சிராங்கூன் ரோடு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தன. மண்டபத்தின் இடப்பக்கம் உட்கார்ந்திருந்த பெண் வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கோவிந்தசாமியின் அண்ணன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். அவரை உட்காரவைக்க நாலு பேர் போனார்கள். அந்த அமளியில் மாப்பிள்ளை பெண்ணின் பக்கம் லேசாகச் சாய்ந்து, பசிக்குதா என்று கேட்டான். ரொம்ப என்றது பெண். இதுவும் கேட்டது. மண்டபம் முழுக்கச் சிரித்தது, பெண் மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மருதப்பன் ஸ்பீக்கரைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தான். 'ரொம்ப' என்ற சொல்லில் மாலைப் பூ உரசிய ஓசைகூடத் தனியாகக் கேட்டதை எண்ணி அவனுக்கு மெய்சிலிர்த்தது. மற்ற எதையும் அவன் கவனிக்கவில்லை.

மறுவாரம் காதர் பாயின் கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே பேச்சாகப் பேசினார்கள். பழைய செட்டுதான் வேண்டும். அந்தக் கெர்பாவ் ரோட்டுக்காரர் செட் வேண்டாம். காதர் பாய் மருதப்பனை உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, மெல்லச் சொன்னார்.

"தம்பி, அவங்க கேக்குறது வாயி லா. நீங்க குடுக்குறது காது. கல்யாண வீட்டுல யாருக்குத் தம்பி காது வேணும்?"

மருதப்பன் டீயைக் குடிக்காமலே வந்துவிட்டான். பெட்டியைத் துணி போட்டு மூடி மூலையில் வைத்தான். சுந்தரி தானாகவே தட்டில் கடுகைக் கொட்டிப் பார்த்தாள். அவன் திரும்பவில்லை. அந்தக் கடுகைத் தாளிதத்துக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

தமிழர் திருநாள் வந்தது. ஃபேரர் பார்க் திடலில் மேடை போட்டார்கள். விழாக் குழுத் தலைவர் முத்துசாமி, தன் பேச்சு தேக்கா மார்க்கெட் வரைக்கும் கேட்க வேண்டும் என்று காதர் பாயின் பெரிய பழைய செட்டைக் கேட்டு வாங்கியிருந்தார். அதைப் போட ஆள் இல்லை, நீங்கள் வாருங்கள் என்று காதர் பாய் மருதப்பனைக் கூப்பிட்டார். அவன் மாட்டேன் என்றான். சுந்தரி, விழாப் பார்த்து எவ்வளவு நாளாச்சு, நான் போறேன் என்று புடவை மாற்றினாள். அவனும் கிளம்பினான். கிளம்பும்போது, பழையது மக்கர் செய்தால் இருக்கட்டும் என்று துணி மூடிய பெட்டியையும் காதர் பாயின் வேனில் ஏற்றிக்கொண்டான்.

திடல் கொள்ளாத கூட்டம். ஜொகூர், மூவார் பக்கமிருந்தெல்லாம் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். பழைய செட் கல்லை உருட்டுவதுபோல முழங்கியது. முத்துசாமி பேசிக்கொண்டிருந்தார். மேடைக்கு அருகில் இருந்தவர்களுக்குப் பாதி புரிந்தது, தூரத்தில் இருந்தவர்கள் இடி இடிக்கிறதோ என்று வானத்தைப் பார்த்தார்கள். மருதப்பன் பெட்டியின் பக்கத்தில் காதில் பஞ்சு வைத்து உட்கார்ந்திருந்தான்.

வெயில் சாய்கிற நேரத்தில் ஒருவர் வேர்த்து விறுவிறுத்து மேடையேறினார். மூவாரிலிருந்து மாமியாரைக் கூட்டி வந்தாராம், கூட்டத்தில் தவறவிட்டுவிட்டாராம். மாமியார் பெயர் முத்தாயி. முத்துசாமி மைக்கில் கம்பீரமாக அறிவித்தார்: மூவார் முத்தாயியைக் காணவில்லை, கண்டவர்கள் மேடைக்குக் கொண்டுவரவும்.

பழைய செட் அதைத் தன் வாயில் போட்டு மென்று துப்பியது. திடலின் பாதிக்கு மேல் இருந்தவர்களுக்குக் கேட்டது இதுதான்: மூவாயிரம் முத்தைக் காணவில்லை.

முதலில் ஒருவர் குனிந்தார். அவர் எதற்குக் குனிகிறார் என்று கேட்ட பக்கத்து ஆள், பதில் கேட்டதும் தானும் குனிந்தார். செய்தி திடலெங்கும் பரவியது. ஏதோ நகைக்கடைக்காரர் வீட்டு முத்தாம், மாலை அறுந்துவிட்டதாம், கிடைத்தால் சன்மானமாம். ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டினார்கள், பெண்கள் கொசுவத்தைச் செருகினார்கள், கூட்டமே முழங்காலிட்டுப் புல்லைத் துழாவியது. மேடையிலிருந்து பார்த்த முத்துசாமிக்கு, தன் எதிரே ஒரு பெருங்கூட்டம் தலைதாழ்த்தி நிற்பதுபோலத் தெரிந்தது. அவர் இரண்டு கையையும் கூப்பி, இவ்வளவு மரியாதைக்கு நான் தகுதியா என்று மைக்கில் கேட்டார்.

அந்த நேரம் பார்த்துத் தலையில் தட்டோடு வந்த கடலை வியாபாரி ஒருவர் ஊர்ந்துபோனவர்மேல் தடுக்கி விழுந்தார். சர்க்கரை பூசிய வெள்ளைக் கடலைகள் புல்வெளியெங்கும் சிதறின. கிடைச்சிருச்சு என்று ஒரு குரல். அவ்வளவுதான். அந்தப் பக்கம் முழுக்க ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். காவலுக்கு நின்ற மலாய்ப் போலீஸ்காரர் ஊதலை ஊதிக்கொண்டு ஓடிவந்து, விஷயத்தைக் கேட்டு, தொப்பியைக் கழற்றி அதில் தானும் பொறுக்கிப் போட ஆரம்பித்தார். ஒருவர் மட்டும் ஒரு முத்தைக் கடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் மென்றார்.

மருதப்பன் காதிலிருந்து பஞ்சை எடுத்தான். நடப்பது என்ன என்று சுந்தரிதான் வந்து சொன்னாள். அவன் காதர் பாயைப் பார்த்தான். காதர் பாய் முத்துசாமியைப் பார்த்தார். முத்துசாமி இன்னும் கைகூப்பிக்கொண்டிருந்தார்.

"மாத்துங்க தம்பி" என்றார் காதர் பாய்.

பழைய செட்டின் வயர்களைப் பிடுங்கித் தன் பெட்டியில் சொருக மருதப்பனுக்கு அதிக நேரம் ஆகவில்லை. வால்வுகள் சூடேறும் வரைக்கும் காத்திருப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. பிறகு முத்துசாமியிடமிருந்து மைக்கை வாங்கி, உரக்கக் கத்தாமல், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோலச் சொன்னான்:

"யாரும் எதையும் தேட வேணாம். முத்து ஒன்னும் காணாமப் போகல. மூவார்லேருந்து வந்த அம்மா, பேரு முத்தாயி. அவங்களத்தான் தேடுறோம்."

ஒவ்வொரு எழுத்தும் திடலின் கடைசி மூலை வரைக்கும் போயிற்று. குனிந்திருந்த தலைகள் நிமிர்ந்தன. முழங்காலில் ஒட்டிய புல்லைத் தட்டிக்கொண்டு, தாங்கள் உட்காரத்தான் குனிந்தோம் என்பதுபோல ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். பிறகு எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பி, திடலையே தூக்கியது.

மேடைக்கு நேர் பின்னால் தவழ்ந்துகொண்டிருந்த ஒரு பெரியம்மா மெல்ல எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். முந்தானை முடிச்சில் ஒரு கைப்பிடி வெள்ளைக் கடலை.

"நான்தானே முத்தாயி. நான் எங்க காணாமப் போனேன்? இங்கதானே முத்து தேடிக்கிட்டு இருக்கேன்" என்றார்.

மருமகன் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். போகும்போது அந்த அம்மா திரும்பி, அப்ப முத்து யாருக்குக் கெடச்சது என்று மருதப்பனிடம் கேட்டுவிட்டுத்தான் போனார்.

முத்துசாமி விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார். ஆனால் இப்போது எல்லாம் தெளிவாகக் கேட்டது. போன வருஷம் பேசியதையே பேசுகிறார் என்பதும் தெளிவாகக் கேட்டது. முன்வரிசையில் ஒருவர் அடுத்த வரியை முந்திக்கொண்டு சொன்னார். முத்துசாமி நல்லவர். தானும் சிரித்துவிட்டு, வணக்கம் சொல்லி உட்கார்ந்தார். அவ்வளவு சுருக்கமாக அவர் பேசி யாரும் பார்த்ததில்லை, அன்றைக்கு விழுந்த மாதிரிக் கைத்தட்டலை அவரும் அதற்கு முன் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு பொதுக்கூட்டம், திருவிழா, பந்தயத் திடல் என்று மருதப்பனின் பெட்டிக்கு ஓய்வில்லை. காதர் பாய் அதே மாதிரி இன்னும் சில மலிவுப் பெட்டிகளை வாங்கி வந்து போட, அவன் எல்லாவற்றையும் பிரித்துக் கோத்தான். கல்யாண வீடுகள்தான் கடைசியில் வழிக்கு வந்தன. அதற்கு அவன் பெட்டிக்குள் ஒன்றும் செய்யவில்லை. தான் கொஞ்சம் மாறினான். ஸ்பீக்கரைப் பார்ப்பதை விட்டு மனிதர்களைப் பார்க்கக் கற்றுக்கொண்டான். ஒருவர் கிசுகிசுக்கப் போகிறார் என்றால் முதலில் கழுத்து குனியும், பிறகு கண் பக்கவாட்டில் போகும். அந்தக் கண் போகும்போதே மருதப்பனின் கை குமிழைத் திருகிச் சத்தத்தைக் குறைத்துவிடும். எத்தனை குடும்பச் சண்டைகள் அந்தக் குமிழோடு அடங்கின என்று கணக்கில்லை. சுந்தரி மட்டும், அப்பளச் சண்டை மாதிரி அப்புறம் ஒரு கல்யாணமும் ருசிக்கவில்லை என்பாள்.

நேவல் பேஸை மூடப் போகிறார்கள் என்ற செய்தி வந்ததும், அனுப்புகிறவரைக்கும் காத்திருக்க வேண்டாம் என்று மருதப்பன் வேலையை விட்டுக் காதர் பாயோடு கூட்டுச் சேர்ந்தான். டன்லப் ஸ்திரீட் கடைக்குப் புதுப் பலகை வேண்டும் என்றார்கள். என்ன எழுதுவது என்று இரண்டு பேரும் ஒரு வாரம் விவாதித்து, 'தெளிந்த ஒலி' என்று முடிவு செய்தார்கள். பலகை எழுதுகிறவர் நல்ல கைக்காரர். எழுத்தெல்லாம் வழவழவென்று, ஓரத்தில் பூவேலையோடு எழுதிக் கொண்டுவந்து மாட்டினார்.

'தெளிந்த ஒளி' என்றிருந்தது.

மருதப்பன் பலகையின் கீழேயே நின்றான். ஒரே ஒரு எழுத்து என்று எழுதியவர் சமாதானம் சொன்னார். அந்த ஒரே எழுத்துக்காகத்தான் தன் ஆயுசில் பாதி போயிருக்கிறது என்று இவன் சொல்ல, வாக்குவாதம் முற்றியது. அதற்குள் ஒரு அம்மா கடையேறி வந்து, மகள் கல்யாணத்துக்குப் பந்தலில் போட வண்ண விளக்கு வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டார். இல்லை என்று சொல்ல மருதப்பன் வாயைத் திறந்தான்.

"எத்தன வரிசை வேணும், சொல்லுங்கம்மா" என்றார் காதர் பாய்.

அன்று சாயங்காலமே பல்புகளும் வயரும் வந்து இறங்கின. சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று சுந்தரி வந்து தரையில் உட்கார்ந்து பிரித்துக் கொடுத்தாள். மருதப்பன் முணுமுணுத்துக்கொண்டே கைலியை மடித்துக் கட்டி, ஒவ்வொரு பல்பாக வயரில் கோக்க ஆரம்பித்தான். இரண்டாவது வரிசை முடிந்ததும், பச்சைக்குப் பக்கத்தில் மஞ்சள் எடுப்பாக இல்லை என்று முதல் வரிசையைப் பிரித்தான்.